கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருப்பவர்

(திருவண்ணாமலையில் செவிலிய மாணவியர் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த ஊர் லட்சக்கணக்கான பேரை வரவேற்கிறது. கிரிவலப் பாதையில் கடைப் பலகைகள் தெலுங்கிலும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆட்டோக்காரர்கள் தெலுங்கில் வாடகை பேசுகிறார்கள். ஆந்திரத்திலிருந்து வருகிறவர்களின் நாக்குக்கு ஏற்றபடி ஓட்டல்களில் காரம் கூடியிருக்கிறது. யாரும் உத்தரவு போட்டு இது நடக்கவில்லை. வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று ஊர் கவனித்தது, தன்னை மாற்றிக்கொண்டது.

இதே ஊருக்கு வேறொரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஜவ்வாது மலையிலிருந்து போளூர் வழியாக இறங்கி வருகிறார்கள். ஏரிக்கரைகளிலும் செங்கல் சூளைகளின் ஓரத்திலும் இருக்கிற இருளர் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள். கையில் ஒரு மஞ்சள் பையும் துணி மூட்டையும் இருக்கும். அவர்கள் தேடி வருவது ஆஸ்பத்திரியை. அவர்களுக்காக இந்த ஊரும், நம் மாநிலத்து ஊர்களும் எதைக் கற்றுக்கொண்டன என்பதைப் பற்றியது இன்றைய பேச்சு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம். திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 90,000 பேர். மாநில விகிதத்தைவிட இது மும்மடங்குக்கு மேல். இவர்களில் ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள். இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மலையில் வாழ்கிறவர் என்பதே இதற்குப் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. சமவெளியில் இருப்பவர்கள் இருளர். அவர்கள் பேசுவதும் நமக்குப் புரிகிற தமிழ்தான்.

பேச்சு ஒன்றாக இருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தெலுங்கு பேசுகிறவரிடம் நாம் நிதானமாகப் பேசுகிறோம், கையால் சைகை காட்டுகிறோம், புரிந்ததா என்று இரண்டு முறை கேட்கிறோம். தமிழ் பேசுகிறவரிடம் அந்த நிதானம் இருப்பதில்லை. நாம் சொன்னது அவருக்குப் புரிந்தே இருக்கும், நாம் நினைப்பதைத்தான் அவரும் நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம்.

எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். பிரசவ வார்டில் இரவு பதினொரு மணி. மலையிலிருந்து வந்த பெண்ணுக்குத் தலைப்பிரசவம், இருபது வயது இருக்கும். கட்டிலருகே தரையில் மாமியார் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறார். செவிலியர் வருகிறார். “ஏய், இப்படித் திரும்பிப் படு. புருஷன் எங்கே? கையெழுத்துப் போட யாரு இருக்கா? இத்தனை மாசமா ஏன் ஸ்கேன் எடுக்கல? கயிறு, தாயத்து எல்லாம் எதுக்கு, கழட்டு.” பெண் பதில் சொல்லவில்லை. மாமியார் எழுந்து நிற்கிறார், பிறகு மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறார். அதே செவிலியர் அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அங்கே கடைத்தெருவில் வியாபாரம் செய்கிற வீட்டு மருமகள். “கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா, டாக்டர் வந்துடுவாங்க.”

அந்தச் செவிலியர் கெட்டவர் அல்ல. வார்டு முழுக்க ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருக்கிறார், சாப்பிட்டாரோ இல்லையோ. ரத்த அழுத்தத்தைச் சரியாகப் பார்த்தார், ஊசியைச் சரியாகப் போட்டார். அவரைக் கேட்டால் எல்லா நோயாளிகளும் தனக்கு ஒன்றுதான் என்பார், அதை மனசாரச் சொல்வார். ஆனால் ஒரு கட்டிலில் ‘நீ’, அடுத்த கட்டிலில் ‘நீங்க’. தமிழில் இதை மறைக்க வழியே இல்லை. ஒவ்வொரு வினைச்சொல்லின் கடைசியிலும் நாம் யாரை எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பது ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ‘வா’ என்பதற்கும் ‘வாங்க’ என்பதற்கும் நடுவில் இருக்கிற ஈரெழுத்தை, வலியில் துடிக்கிற பெண்கூடக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இந்த ஈரெழுத்துக்கு உலகின் மறுகோடியில் ஒரு பெயர் வைத்தார்கள். நியூசிலாந்தின் ஆதிக்குடிகள் மாவோரிகள். அவர்களில் ஒருவரான செவிலியர் இரிஹாபெடி ராம்ஸ்டன், செவிலியக் கல்வியில் மாவோரி மாணவியர் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள், மாவோரி நோயாளிகள் ஏன் கடைசி நேரத்தில் வருகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார். 1988-ல் கிறைஸ்ட்சர்ச் நகரில் கூடிய ஒரு கூட்டத்தில் முதலாண்டு மாவோரி மாணவி ஒருத்தி எழுந்தாள். சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு என்று ஒன்று வேண்டாமா என்று கேட்டாள். ராம்ஸ்டன் அந்தக் கேள்வியைக் கையிலெடுத்துக்கொண்டார். 1992-ல் நியூசிலாந்து செவிலியர் மன்றம் அதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. எதிர்ப்பு கடுமையாக வந்தது. செவிலியர்களுக்கு அரசியல் போதிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 1995-ல் விவகாரம் நாடாளுமன்றக் குழு வரைக்கும் போனது. ஆனாலும் பாடம் நிலைத்தது. 2003-ல் ராம்ஸ்டன் மறைந்தார்.

தமிழில் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்றதும் பழைய வழக்கங்களைக் கட்டிக்காப்பது போல ஒலிக்கிறது. ராம்ஸ்டன் சொன்னது வேறு. கட்டிலில் படுத்திருப்பவர், தான் யார் என்பதற்காக இங்கே தன்னை யாரும் கீழாக நடத்த மாட்டார்கள் என்று நம்பி, பத்திரமாக உணர்வதுதான் அது. அந்த நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவரும் அவரேதான். ‘நாங்கள் நன்றாகத்தான் கவனித்தோம்’ என்று ஆஸ்பத்திரி தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது.

ராம்ஸ்டன் சொன்னதில் இன்னொன்றும் உண்டு. அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். அமெரிக்காவில் மேடலின் லைனிங்கர் என்ற அறிஞர் அதற்கு முன்பே நோயாளிகளின் பண்பாட்டைச் செவிலியர் படிக்க வேண்டும் என்று ஒரு துறையையே கட்டியிருந்தார். நல்ல முயற்சி. ஆனால் ராம்ஸ்டன் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார். நீ முதலில் படிக்க வேண்டியது மாவோரிகளின் சடங்குப் பட்டியலை அல்ல, உன்னையே என்றார். உன் வீட்டில் அவர்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள்? உன் கையில் இருக்கிற அதிகாரம் எவ்வளவு? அவர்களின் நிலம் யார் கைக்குப் போனது? இதெல்லாம் தெரியாமல் சடங்குகளை மட்டும் மனப்பாடம் செய்தவர், நோயாளியைக் காட்சிப்பொருளாகத்தான் பார்ப்பார்.

நிலம் என்றதும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். மாவோரி மொழியில் நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் ‘வெனுவா’ என்ற ஒரே சொல்தான். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தங்கள் மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். ஆஸ்பத்திரிகள் அதைக் கழிவோடு கழிவாக எரித்துக்கொண்டிருந்தன. நியூசிலாந்தில் இப்போது குடும்பத்தைக் கேட்டு, வேண்டும் என்றால் திருப்பிக் கொடுக்கிறார்கள். இதைத் தமிழருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ‘தொப்புள்கொடி உறவு’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டிய பாட்டிமார் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அதையெல்லாம் மறந்துவிடுகிறோம்.

மறுபடியும் அந்தப் பிரசவ வார்டுக்கு வருவோம். ‘புருஷன் எங்கே?’ செவிலியருக்கு இது படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். மலைப் பெண்ணுக்கு அப்படி இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பலர் இந்த மாவட்டத்துக்காரர்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. மலையில் வேலையில்லாத மாதங்களில் கூலிக்கு வெளியே போகிற ஆண்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். எங்கே போனான் என்று சொல்வதே ஆபத்தாக இருந்த காலத்தை அந்த வீடுகள் மறந்திருக்காது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ‘புருஷன் எங்கே’ என்றால் வாய் தானாக மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தைத்தான் நாம் ‘ஒண்ணும் தெரியாத சனம்’ என்று கேஸ் ஷீட்டுக்கு வெளியே எழுதிவைத்துக்கொள்கிறோம்.

இருளர்களின் பயத்துக்கும் இப்படி வேர் உண்டு. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் இருளரைப் பிடித்துக்கொண்டு போவது பல பத்தாண்டு வழக்கம். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே தி. மண்டபம் கிராமத்தைச் சேர்ந்த இருளர் பெண்கள் நால்வர், விசாரணை என்று அழைத்துப்போன காவலர்கள் தங்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்தார்கள். பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் துணை நின்றதால் அது வெளியே வந்தது. திருக்கோவிலூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. சீருடை அணிந்த ஒருவர் அதட்டிப் பேசினால் இருளர் பெண் ஏன் எழுந்து சுவரோரமாக நிற்கிறார் என்பதற்கு உடலியல் பாடத்தில் விடை கிடைக்காது.

அதே இருளர்களைப் பற்றி ஒவ்வொரு செவிலிய மாணவிக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பாம்பு கடித்து வருகிறவருக்கு நஞ்சு முறி ஊசி போடுகிறோம். அந்த மருந்தைத் தயாரிக்கப் பாம்பின் நஞ்சு வேண்டும். மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் இந்தியாவின் மருந்து நிறுவனங்களுக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியைத் தருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உயிரோடு பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வார்டின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிற அந்தச் சிறு குப்பிக்குள் அவர்களின் அறிவும் உழைப்பும் இருக்கின்றன. இதை அறிந்த செவிலியருக்கு, தரையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற இருளர் மூதாட்டி வேறு ஆளாகத் தெரிவார்.

சாலை இல்லை, வண்டி இல்லை, அதனால்தான் மலைச்சனம் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்பார்கள். அது உண்மை. 2023 மே மாதக் கடைசியில் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது. உடலோடு திரும்பும்போது, இதற்குமேல் பாதை இல்லை என்று ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினாள். சாலை இல்லாதது பொதுப்பணிக் கணக்கு. ஆனால் பிள்ளையை இழந்தவளை அந்த இடத்தில் எப்படி இறக்கிவிடுவது, கூட யாரை அனுப்புவது, என்ன சொல்லி அனுப்புவது என்பதெல்லாம் பராமரிப்பின் கணக்கு. உயிர் போனதும் நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு அந்த இரண்டாவது கணக்கு கண்ணில் படாது.

சரி, சாலையும் வந்து ஆஸ்பத்திரியும் வந்த பிறகும் வராமலிருந்தால்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் இந்தக் கேள்வியை எதிர்கொண்டார்கள். 1986 முதல் அங்கே இருந்து வேலை செய்தவர்கள். ஏன் வரப் பயப்படுகிறீர்கள் என்று கோண்டு மக்களைக் கூட்டிவைத்துக் கேட்டார்கள். பதில் எந்தப் பாடநூலிலும் இல்லாதது. டாக்டரும் நர்சும் வெள்ளை உடுத்துகிறார்கள், எங்கள் ஊரில் பிணத்துக்குத்தான் வெள்ளை போர்த்துவோம் என்றார்கள். உறவுக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு நோயாளியைத் தனியாகப் படுக்கவைக்கிறீர்கள் என்றார்கள். பெரிய கட்டடத்துக்குள் நுழைந்தால் வழி தெரியவில்லை என்றார்கள். பிறகு கட்டிய ஆஸ்பத்திரி அவர்கள் சொன்னபடி அமைந்தது. குடும்பத்தோடு தங்குகிற குடிசை வடிவ வார்டுகள் வந்தன, ஆஸ்பத்திரிக்கு அவர்களின் தெய்வமான தந்தேஸ்வரியின் பெயரையே வைத்தார்கள். வெள்ளைச் சீருடை நமக்குத் தூய்மை, தியாகம், நைட்டிங்கேல் அம்மையார். அது இன்னொருவருக்குச் சவத்துணியாகத் தெரியலாம் என்பதை அவர்களே சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

தொலைவு போக வேண்டாம். இங்கிருந்து தண்டராம்பட்டு தாண்டி அரூர் பக்கம் போனால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதியர் 1993-ல் அங்கே ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பகுதியில் ஆயிரம் பிறப்புக்கு 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அந்த எண்ணிக்கை பின்னாளில் 20 அளவுக்கு இறங்கியது. வெளியூரிலிருந்து செவிலியரைக் கொண்டுவந்து இது நடக்கவில்லை. பள்ளத்தாக்கின் மலையாளி, லம்பாடி வீட்டுப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பது, தையல் போடுவது, அறுவை அரங்கில் உதவுவது எல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. வலியில் இருக்கிறவளுக்குத் தலைமாட்டில் நிற்பது தன் அத்தை மகளோ, பக்கத்து ஊர்க்காரியோ. ‘புருஷன் எங்கே’ என்று அவள் கேட்கத் தேவையே இல்லை, அவளுக்குத் தெரியும்.

கூடலூரில் இதையே வேறு வழியில் செய்தார்கள். அங்கே பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கண்டார்கள். நில உரிமைக்காகத் தொடங்கிய அந்த இயக்கத்தின் வழியாகத்தான் 1990-ல் ஆதிவாசி ஆஸ்பத்திரி வந்தது. ஆதிவாசிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றார்கள். நிலத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசியதில் ராம்ஸ்டனுக்கு வியப்பு இருந்திருக்காது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. பிரசவ நேரத்தில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்குவதற்குக் காத்திருப்பு அறைகள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்புப் பரிந்துரைகள், பிரசவிக்கும் பெண் எந்த நிலையில் இருக்க விரும்புகிறாள் என்பதில் அவள் விருப்பத்துக்கு இடம் தருகின்றன. குந்தி உட்கார்ந்து பிள்ளை பெற்ற தலைமுறைகளின் பேத்தியை மல்லாக்கக் கிடத்திக் காலைக் கட்ட வேண்டிய கட்டாயம் எப்போதும் இல்லை. சுற்றறிக்கைகள் இருக்கின்றன. அவை கட்டிலுக்கு வந்து சேரும்போது யார் வாய் வழியாக, எந்தத் தொனியில் வந்து சேர்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தொனி உயிரையே எடுக்கும் என்பதற்குக் கனடா சாட்சி. 2020 செப்டம்பர் 28 அன்று கியூபெக் மாகாணத்தின் ஜோலியட் மருத்துவமனையில், அத்திகமேக் பழங்குடியைச் சேர்ந்த ஜாய்ஸ் எச்சாக்குவான், ஏழு பிள்ளைகளின் தாய், வலியில் கதறிக்கொண்டே கைப்பேசியில் முகநூல் நேரலையைத் தொடங்கினார். ஊழியர்கள் அவரை இழிவாகப் பேசியதை உலகமே கேட்டது. அன்றே அவர் இறந்துபோனார். மரண விசாரணை அதிகாரி, இனவெறியும் முன்முடிவும் அந்தச் சாவுக்குக் காரணங்களில் சேரும் என்று 2021-ல் எழுதினார். அந்தப் பேச்சைப் பேசியவர்களும் பயிற்சி பெற்றவர்கள்தான். மருந்தின் அளவு அவர்களுக்கும் தெரியும்.

இனி நாளைக் காலை வார்டுக்குப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். அறுவைக்கு முன் அரைஞாண் கயிற்றையும் தாயத்தையும் எடுக்கத்தான் வேண்டும். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் இருக்கிறது. ஏன் எடுக்கிறோம் என்று சொல்லி, மாமியார் கையாலேயே அவிழ்க்கவிட்டு, ஒரு துணியில் முடிந்து அவரிடமே கொடுத்தால் அந்தப் பெண் நடுங்காமல் அரங்குக்குள் போவாள். சத்துணவு சொல்லும்போது ஆப்பிளும் மால்ட் பவுடரும் சொல்லிப் பழகிவிட்டோம். ஜவ்வாது மலையில் விளைவது சாமை, அதில் இரும்புச்சத்து உண்டு. அவள் வீட்டுப் பானையில் இருக்கிற தானியத்தைச் சொன்னால், அவள் செய்ய முடிகிற ஒன்றைச் சொன்னதாக இருக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது காப்பர் டி போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டு வாங்குகிற தலையசைப்பு சம்மதம் ஆகாது. அதை ஏழாம் மாதத்திலேயே உட்கார்ந்து பேச வேண்டும். இவை பட்டியலாக மனப்பாடம் செய்வதற்கல்ல. அடுத்து வருகிற மலைப் பெண் தாயத்தே கட்டாதவளாக இருக்கலாம், கல்லூரியில் படித்தவளாக இருக்கலாம். அவளையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு அந்த மாமியார். பெரும்பாலான வார்டுகளில் கட்டிலருகே ஒரு ஸ்டூல் உண்டு. அதன் மேல் கேஸ் ஷீட்டும், பஞ்சுப் பெட்டியும், யாரோ குடித்து வைத்த டீ டம்ளரும் இருக்கும். அதைக் காலி செய்துவிட்டு, “உட்காருங்கம்மா, உங்க பேரு என்ன?” என்று கேளுங்கள். இல்லம்மா, எனக்குத் தரையே சௌகரியம் என்று அவர் சொல்லலாம். சொன்னால் தரையிலேயே உட்காரட்டும். நீங்களும் ஒரு நிமிடம் குனிந்து, அவர் முகத்துக்கு நேராக இருந்து, போன பிரசவங்கள் அந்த வீட்டில் எப்படி நடந்தன என்று கேளுங்கள்.